கொக்கரக்கோ கேள்வி–பதில்

மழை விட்டதும் எங்கள் ஊர்க்கோழிகளின் கொண்டையில் கறுப்புக் கொப்புளம். கண்ணூறா?
– உடப்பு வாசகி

நுளம்பூறு! வந்திருப்பது கோழி அம்மையாகத்தான் இருக்கும். நோயுள்ள கோழியைக் குத்திய நுளம்பு அடுத்த கோழிக்கும் அதைக் கொண்டுபோகும். புத்தளத்து உப்பையே சுற்றிப் போட்டாலும் நுளம்பு சட்டை செய்யாது. கூட்டடியில் கிடக்கும் சிரட்டைத் தண்ணீரைக் கவிழ்த்து விடுங்கள்.

வைரஸ் நுழைந்தது கோழியின் உடம்புக்கு எப்படித் தெரியும்?
– முந்தல் மாணவன்

டிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் உயிரணுவின் கரு. கருவுக்கு வெளியே அது தலைகாட்டினால் 'சீகாஸ்' என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். பிடித்த கையோடு ஒரு சிறு மூலக்கூறைச் செய்து அனுப்பும். அது 'ஸ்டிங்' என்ற இன்னொரு புரதத்தை உசுப்பும். கடைசியில் இன்டர்பெரோன் சுரந்து பக்கத்து உயிரணுக்களையும் உஷார்ப்படுத்தும். வேடிக்கை என்னவென்றால், சீகாஸ் யாருடைய டிஎன்ஏ என்று விசாரிப்பதில்லை, எங்கே கிடக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. சொந்த டிஎன்ஏ கசிந்தாலும் கூச்சல்தான். நம் உடம்பிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் நம்மிடம் இன்டர்பெரோனை முடுக்கிவிடும் ஐஆர்எஃப்-3 கோழியிடம் இல்லை. ஐஆர்எஃப்-7-ஐ வைத்தே சமாளிக்கிறது.

அவ்வளவு காவல் இருந்தும் அம்மை வருகிறதே, காவல்காரன் தூங்கிவிட்டானா?
– சிலாபம் வாசகர்

தூங்கவில்லை, வாயைப் பொத்திவிட்டார்கள். கோழியைத் தாக்கும் இன்னொரு டிஎன்ஏ வைரஸான மாரெக் நோய் வைரஸ் கருவுக்குள் போய்ப் பதுங்கும். அம்மை வைரஸுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கருவுக்கு வெளியேதான் பெருகும். அதனிடம் சுமார் 260 மரபணுக்கள். சிலவற்றுக்கு இன்டர்பெரோனை மழுங்கடிப்பதே உத்தியோகம்.

பறவைக் காய்ச்சலில் கோழி சாகிறது, வாத்து பெரும்பாலும் தப்புகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
– கற்பிட்டி வாசகர்

அது ஆர்என்ஏ வைரஸ். அதை மோப்பம் பிடிக்கும் 'ரிக்-ஐ' வாத்திடம் இருக்கிறது, கோழியிடம் இல்லை. 2010இல் வெளிவந்த ஆய்வு இது. வாத்து தப்புவதற்கு அது ஒரு காரணம்.

சூப்பைத் தவிர மருத்துவத்துக்குக் கோழி என்ன செய்தது?
– வென்னப்புவ வாசகர்

இன்டர்பெரோனையே தந்ததே! 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லின்டன்மானும் அதைக் கண்டது கோழிமுட்டைக் கருவின் சவ்வில்தான்.

அம்மை கண்ட கோழிக்கு பனடோல் கரைத்துக் கொடுக்கலாமா?
– மீண்டும் உடப்பு வாசகி

பனடோலை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் வராத கோழிகளுக்குத் தடுப்பூசி போட மிருக வைத்தியரைக் கேளுங்கள். இரட்டை முள் ஊசியை மருந்தில் தோய்த்து இறக்கைச் சவ்வில் குத்துவார். ஒரு வாரம் கழித்து இறக்கையை விரித்துப் பாருங்கள்: குத்திய இடம் தடித்திருந்தால் மருந்து பிடித்துவிட்டது.