கிரிவலமும் டவுன்லோடும்

கேள்வி: பௌர்ணமி கிரிவலத்தில் கேட்டுக்கொண்டே நடக்க, இணையத்தில் ஓசியில் பக்திப் பாட்டு இறக்கிக்கொள்கிறேன். பாவமா?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: பாவக் கணக்கு அண்ணாமலையார் பாடு. சட்டக் கணக்கு, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாடு. திருவெம்பாவைக்கு உரிமை கேட்டு மாணிக்கவாசகர் வரப்போவதில்லை. ஆனால் அதை யாரோ பாடிப் பதிவு செய்து வெளியிட்டால், அந்த ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. சாமி பாட்டு என்பதற்காகச் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது.

அதைவிடப் பெரிய வம்பு வேறு. ஓசி தளத்தில் 'டவுன்லோடு' என்று நாலைந்து பட்டன் மின்னும். எதைத் தொட்டாலும் விளம்பரம். இறங்கிய கோப்பின் பெயர் 'எம்பி3' என்று முடியாமல் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பாட்டே அல்ல, ஆப். இன்ஸ்டால் செய்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். சிவபுராணம் பாடுவதற்கு உங்கள் ஓடிபி எதற்கு? (வங்கிக் கணக்கைத் துடைக்கத்தான்.)

முறையான ஆப்பிலேயே, வீட்டை விட்டுக் கிளம்புமுன் சேமித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி இரவில் லட்சம் பேர் தேர் வடம் மாதிரி ஒரே டவரைப் பிடித்து இழுப்பார்கள். 14 கிலோமீட்டர் நடந்து ஈசானிய லிங்கத்துக்கு வந்தாலும் பாட்டு பல்லவியைத் தாண்டியிருக்காது.