எங்க படத்துல நீங்க இருக்கீங்க, அக்கா

ஆட்டுக்கறியைக் கூறு போடுகிறவன்கூட எலும்பு யாருக்கு, ஈரல் யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்பான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் மலையகத் தமிழர்களைக் கூறு போட்டபோது யாரையும் கேட்கவில்லை. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாக வெட்டினார்கள்.

அந்தக் கூறில் ஒரு பங்குதான் நீலகிரியின் கூடலூருக்கும் பந்தலூருக்கும் சேரம்பாடிக்கும் வந்து சேர்ந்தது. இவர்களுக்கென்று 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. லைன் வீடு கிடைத்தது, கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது, 'சிலோன்காரங்க' என்ற பட்டமும் கிடைத்தது. பட்டாதான் பலருக்குக் கிடைக்கவில்லை.

அரசாங்கங்களின் குணம் அது. புரட்சிக்காரர்கள்?

1975-இன் தொடக்கத்தில் லண்டனில் ரத்தினசபாபதி ஈரோஸைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளியும் ஈழத்தின் சொந்தக்காரரே என்றது அந்த இயக்கம். யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர்கள் பலர் வாயே திறக்காத விஷயம். சொன்னதற்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் லண்டனில் வரைந்த ஈழ வரைபடத்தின் மை காய்வதற்குள் அந்தச் சொந்தக்காரர்கள் தகரப்பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குச் சற்று முன், 1974 டிசம்பரில், இதே மாதிரிக் கனவோடு அயர்லாந்தின் டப்ளின் பக்கத்தில் சீமஸ் காஸ்டெல்லோ ஐரிஷ் குடியரசு சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கியிருந்தார். நாட்டு விடுதலையும் தொழிலாளி விடுதலையும் ஒன்றே என்பது கொள்கை. கட்சி பிறந்த நாளிலேயே துப்பாக்கிக்கும் தனி அமைப்பு பிறந்தது. துப்பாக்கி கட்சியின் பேச்சைக் கேட்குமா என்ற சண்டையில் பெர்னாடெட் மக்அலிஸ்கி போன்றவர்கள் ஒரு வருஷத்துக்குள் வெளியேறினார்கள். 1977-இல் காஸ்டெல்லோவைச் சுட்டது பிரிட்டிஷ் சிப்பாய் அல்ல, அவர் விட்டு வந்த பழைய முகாம். நமக்குப் பழக்கமான கதைதான். ஈரோஸிலிருந்து ஈ.பி.ஆர்.எல்.எஃப். பிரிந்தது. அதன் தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் 1990 ஜூன் 19-இல் கோடம்பாக்கத்தில் கொன்றது சிங்கள ராணுவம் அல்ல, புலிகள்.

தமிழ்நாட்டில் நாம் அவ்வளவு ரத்தம் சிந்தவில்லை; மை நிறையச் சிந்தினோம். 1969-இல் பிறந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மா-லெ) உடைய உடைய, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிகள் பெருகின. தமிழ்த் தேசப் பொதுவுடமைக் கட்சி 2014-இல் பொதுவுடமையைப் பெயரிலிருந்து இறக்கிவிட்டுத் தமிழ்த் தேசியப் பேரியக்கம் ஆனது. லாரியில் இடம் பற்றாவிட்டால் முதலில் இறக்கிவிடுவது கூலிக்காரனைத்தானே!

ஜென்மிகளின் பழைய நிலவுடைமையை ஒழிக்கும் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டமும் 1969-இல்தான் வந்தது. அதிலிருந்து கிளம்பிய கொயலோ வழக்கில் 2007-இல் ஒன்பது நீதிபதிகள் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கே விளக்கம் சொன்னார்கள். நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள், பல்பு வெளிச்சத்தில். அதே சட்டத்தின் செக்சன் 17-க்குள் வரும், குத்தகைத் தகராறு தீராத நிலத்தில் குடியிருந்த பலர் ஆண்டுக்கணக்கில் கரண்டுக்கு மனு எழுதினார்கள், மண்ணெண்ணெய் விளக்கில்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கட்சியின் கூட்டம். மேடையில் ஏழு பேர், கீழே அதைவிடக் கொஞ்சம் அதிகம். சாரல் வேறு. ஒரு அக்கா மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே சிலோனிலிருந்து வந்து இறங்கியபோது மண்டபம் முகாமில் வாங்கிய காகிதம், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது. அதோடு பட்டா கேட்டு எழுதிய மனு.

தோழர் கனிவாகத்தான் பேசினார். "நீங்க ஒடுக்கப்பட்ட தேசிய இனம் அக்கா. எங்க படத்துல நீங்க இருக்கீங்க."

"அந்தப் படத்துல எங்க வீட்டுக்குக் கரண்டு இருக்கா தம்பி?"

தோழர் மனுவை வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அக்காவை எந்த வகையில் சேர்ப்பது, தேசிய இனமா பாட்டாளியா என்று அடுத்த மாநாட்டில் முடிவெடுப்பதாகச் சொன்னார். அந்தக் கேள்வியிலேயே மாநாடு இரண்டாக உடைந்தது. இரண்டு அணியும் கூடலூரில் போஸ்டர் ஒட்டிவிட்டன. மனு எந்த அணியின் நோட்டில் இருக்கிறது என்று அக்கா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.