சாவறதுக்கு இன்னாடா இவ்ளோ அவசரம்?

உக்காரு தம்பி. டீ சொல்லியிருக்கேன்.

காலாப்பட்டு யூனிவர்சிட்டிப் புள்ளைங்க நாலஞ்சு பேரு இங்க பிள்ளைச்சாவடியில மாடி ரூம் எடுத்துக்கினு, ஞாயித்துக்கிழமை பூரா மேசையச் சுத்தி உக்காந்து பகடை உருட்டறீங்கன்னு தெருவுக்கே தெரியும். மொதல்ல சூதாட்டம்னுதான் நெனச்சோம். அப்பால பாத்தா காசும் இல்ல, சீட்டும் இல்ல. ஒருத்தன் மந்திரவாதி. ஒருத்தி வில்லாளி. கண்ணாடி போட்ட அந்த ஒல்லிப் பையன் வாள் வீரன். கதைய நடத்தறவன் நீ. அட, இதுக்குப் பேரு கூத்துடா! மத்தளம் இல்ல, முகவீணை இல்ல, கிரீடம் கட்டல. மத்தபடி கூத்துதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸாம். 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேரு கொண்டாந்தாங்களாம். கொண்டாரட்டும். எங்க பாட்டன் காதுல இது உழுந்திருந்தா வெத்தலையத் துப்பிட்டுச் சிரிச்சிருப்பாரு.

சரி, உன் விசனத்துக்கு வருவோம்.

அந்த ஒல்லிப் பையன் வாராவாரம் செத்துப்போறான். அதானே? பாலத்துல பூதம் வந்தா, "நான் நின்னு பாத்துக்கறேன், நீங்க போங்க." குகை இடிஞ்சா, "நான் தாங்கிக்கறேன், நீங்க போங்க." போன வாரம் சத்திரத்துல ஏதோ வாய்த்தகராறாம். அங்கயும் "நீங்க போங்க"ன்னு வாள உருவினானாம். சத்திரத்துல இன்னாடா தியாகம்? சாப்பாட்டுக்குக் காசு குடுக்கற சண்டைதானே அது?

மத்த புள்ளைங்களுக்குக் கண்ணு கலங்குதுன்ற. நான் ஒண்ணு கேக்கறேன். செத்த அடுத்த நிமிஷம் அவன் இன்னா பண்றான்? நோட்டுக்குள்ளயிருந்து ஒரு காகிதத்த உருவறான். அதுல புது ஆளு, புது பேரு, புது வாளு, அப்பன் ஆத்தா கதையோட எழுதி ரெடியா வெச்சிருக்கான். கவனிச்சியா? அவனுக்குப் பழைய வேஷம் சலிச்சிப்போச்சு. நேரா சொல்ல வெக்கம். அதனால செத்துக் காட்டறான். தனியா கூப்ட்டு, "வேஷம் மாத்தணும்னா மாத்திக்கடா, அதுக்கு ஏன்டா சாவற?"ன்னு கேளு. பாதித் தியாகம் அங்கயே தீந்துடும்.

மீதிப் பாதி கைதட்டுக்குச் சாவறது. போட்டுல நாலு பேரு கடலுக்குப் போறோம். வலை அறுந்து போவுதுன்னு ஒருத்தன் வீரமா குதிச்சிட்டான்னு வை. இன்னா ஆவும்? வலையும் போச்சு, மத்த மூணு பேரும் வேலைய உட்டுட்டு அவனத் தேடணும். கரைக்கு வந்தா பேரு அவனுக்கு, பட்டினி எல்லாருக்கும். உன் மேசையிலயும் இதானே நடக்குது? அந்த வில்லாளிப் பொண்ணு ஒரு அம்பு உடறதுக்கு நேரம் பாத்துக்கினே இருக்கு. இவன் சாவறதப் பாத்து அழுவறதுக்கா அது ஞாயித்துக்கிழமைத் தூக்கத்த உட்டுட்டு வந்துச்சு?

உங்க புஸ்தகத்துச் சட்டத்தக் கேட்டப்பதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. உசுரு சைபருக்கு வந்தாலும் உடனே சாவறதில்லையாம். 20 மொகம் வெச்ச பகடைய உருட்டணுமாம். பத்து, அதுக்கு மேல உழுந்தா நல்லது. கீழ உழுந்தா கெட்டது. மூணு நல்லது முந்தினா தப்பிச்சான், மூணு கெட்டது முந்தினா போனான். சகுனி கையில பகடையக் குடுத்தா ஒருத்தனும் தேறமாட்டான்! அதோட முடியுதா? செத்து ஒரு நிமிஷத்துக்குள்ளன்னா, 300 பொன்னு பெறுமான வைரத்தச் செலவு பண்ணி மந்திரம் போட்டா எழுந்துக்குவானாம். தாமசமாயிடுச்சா? 500 பொன்னு வைரம், 10 நாள் கெடு. பத்து நாள்! நம்ம ஊர்ல காரியம் பண்ற கெடுடா அது. பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பறதுக்குள்ள எழுப்பிடணும்போல. எழுந்தவன் நாலு நாளைக்குத் தள்ளாடுவான், அப்பால பழையபடி "நீங்க போங்க."

மூட்டையில வைரம் இருக்கறப்ப எவன்டா சாவுக்குப் பயப்படுவான்? நானே சாவேன். அந்த வைரத்தக் கடையில விக்காத. நாட்டுக்கே ஒண்ணு, அதுவும் ராணி கிரீடத்துல இருக்குன்னு வை. இல்லன்னா ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் உக்காந்து பேசிக்குங்க, செத்தா செத்ததுதான்னு. ரெண்டுங்கெட்டானா உட்டு வெச்சா இந்த மாதிரித் தியாகிங்கதான் மொளைப்பாங்க.

நம்ம பாரதத்துலயும்தான் தியாகம் இருக்கு. அங்க எவனாவது சும்மா செத்தானா? அரவான எடுத்துக்க. களப்பலிக்கு 32 லட்சணமும் பொருந்தின ஆளு வேணும். பாண்டவரு பக்கம் மூணே பேரு: கண்ணன், அர்ச்சுனன், அர்ச்சுனன் புள்ள அரவான். கண்ணன் போனா கதை நடத்த ஆளில்ல. அர்ச்சுனன் போனா சண்டையே இல்ல. மூணாவது ஆளு மாட்டிக்கினான். உடனே கழுத்த நீட்டிட்டானா? வரம் கேட்டான்டா! கல்யாணம் பண்ணி வைன்னான். 18 நாள் சண்டையும் என் கண்ணால பாக்கணும்னான். நாளைக்குச் சாவப்போறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? கண்ணனே மோகினியா வந்து கழுத்த நீட்டினான். வெட்டுப்பட்ட தலை 18 நாளும் கண்ண மூடாம பாத்துச்சு. இன்னிக்கும் சித்திரையில கூவாகத்துல திருநங்கைங்க அவனுக்காகத் தாலி கட்டிக்கினு, மறுநாள் அறுத்துட்டு, வெள்ளைப் புடவையில மாரடிச்சு அழுவறாங்க. உன் பையன் செத்தப்ப பக்கத்து ரூம்காரன் டிவி சத்தத்தக் கொறைச்சானா?

அவன் சாவறேன்னா, "சரிடா, அதுக்கு முன்னாடி உனக்கு இன்னா வேணும்?"னு கேளு. ஒண்ணும் வேணாம்னா, அவன் ஆளுக்கு இன்னும் உசுரே வரலன்னு அர்த்தம். இல்லாத உசுர எப்படிக் குடுப்பான்?

கர்ணன விட வள்ளல் உண்டா? அவனே இந்திரனுக்குக் கவச குண்டலத்த அறுத்துக் குடுத்துட்டு, பதிலுக்குச் சக்தி ஆயுதத்த வாங்கிக்கினான். ஒரே தடவைதான் எறியலாம். அர்ச்சுனனுக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தான். 14-ஆம் நாள் ராத்திரி கடோத்கஜன் வந்து பண்ண அட்டகாசத்துல, வேற வழியில்லாம அவன்மேல எறிஞ்சிட்டான். கடோத்கஜன் போனான், அர்ச்சுனன் பொழச்சான். சாவறப்பக்கூட கடோத்கஜன் சும்மா சாஞ்சானா? உடம்பப் பெருக்கிக்கினு கௌரவர் சேனை மேலயே உழுந்து ஒரு அக்குரோணியையே நசுக்கிட்டான். எந்தப் பக்கம் உழறதுன்னு பாத்து உழுந்தான் பாரு, அவன் கெட்டிக்காரன்! உன் கதையில பாலத்துல செத்தவனால இன்னா ஆச்சு? அந்தப் பூதத்துக்குக் கை நொண்டியாச்சா? அக்கரை ஊரு ஜனங்க அவன் பேர்ல ஒரு தண்ணிப்பந்தலாவது வெச்சாங்களா? அடுத்த வாரம் ஒருத்தரும் அவன் பேர எடுக்கலன்னா தப்பு உன் மேலதான்.

கர்ண மோட்சம் கூத்து பாத்திருக்கியா? ஒருத்தன் சாவறதுக்கு ஒரு ராத்திரி பூரா ஆவும். பொண்டாட்டி பொன்னுருவி மல்லுக்கு நிக்கணும். தேரோட்டற சல்லியன் உக்காந்துக்கினே ஏசணும். கட்டியக்காரன் நடுவுல பூந்து கர்ணனையே நக்கல் அடிக்கணும். கண்ணன் கெழ வேதியனா வந்து புண்ணியத்தையும் கேட்டு வாங்கணும். எல்லாருக்கும் பாட்டு குடுத்து, வசனம் குடுத்து, கெழக்க வெளுக்கறப்பதான் அவன் சாவான். உங்க ஆளு மூணு நிமிஷத்துல முடிச்சிடறான். நீ மத்தவங்கள உள்ள இழு. வில்லாளி அவன் கையப் பிடிச்சி "போவாத"ன்னு சண்டை போடட்டும். மந்திரவாதி ஒரு கயிறு வீசிப் பாக்கட்டும். அவுங்க ஒத்துக்காத வரைக்கும் நீ பகடையத் தொடாத.

இன்னொண்ணு, கோச்சிக்காத. சிலப்ப நீயே இவனச் சாவத் தூண்டறியோன்னு எனக்குச் சந்தேகம். ஒருத்தன் செத்தாத்தான் மத்தவன் தப்பிக்க முடியும்ன்ற மாதிரி பூதத்தக் கொண்டாந்து நிறுத்தினா, அவன் இன்னா பண்ணுவான்? எங்க ஊர்க் கரையக் கடல் அரிச்சு அரிச்சு வீடுங்களத் தின்னுச்சு. அலைக்கு முன்னால எவனும் நெஞ்ச நிமித்திக்கினு நிக்கல. கவர்மெண்டுகிட்ட கத்தினோம், கல்லு கொட்டினாங்க. உன் கதையிலயும் கல்லு கொட்டற வழி ஒண்ணு வெச்சிரு.

நெசமான சண்டையையே எடுத்துக்க. பீச் ரோட்டுல பிரெஞ்சுக்காரன் கட்டின போர் நினைவுச் சின்னத்துல ஜூலை 14-ன்னா மாலை போடுவாங்க. போடவேண்டியதுதான், செத்தவங்க பேரு நிக்கணும். அதே புதுச்சேரியில, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா தாத்தாங்க, இந்தோசீனா வரைக்கும் போயி சண்டை போட்டுட்டு உசுரோட திரும்பி, பிரான்சு பென்ஷன்ல பேரப்புள்ளைங்களுக்கு ரொட்டி வாங்கிக் குடுத்தாங்க. அவுங்ககிட்டப் போயி, "ஏன் தாத்தா நீ தியாகம் பண்ணல?"ன்னு கேட்டுப் பாரேன். கைத்தடி எங்க உழும்னு தெரியும்.

டீ ஆறுது, குடி. இவ்ளோ சொல்லியும் அந்தப் பையன் அடங்கலன்னா ஒரு வழி இருக்கு. அடுத்த தடவை "நீங்க போங்க"ன்னான்னா, மத்தவங்கள நெசமாவே போவ உடு. எதிரிய மட்டும் வராம பண்ணிடு. கோட்டை வாசல்ல வாள உருவிக்கினு விடியவிடிய ஒண்டியா நிக்கட்டும். பசிச்சா தானா வந்து சேருவான்.