புது டெக்னிக்

எங்கள் கல்லூரி நாட்களில் புது டெக்னிக் என்றால் எட்சிங். ஆயில், வாட்டர் கலர், களிமண் எல்லாம் எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு வரும் முன்பே ஏதோ ஒரு டிராயிங் மாஸ்டரிடம் தொட்டுப் பார்த்திருந்தோம். துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் போட்டுப் படம் எடுப்பதைத்தான் யாரும் கேள்விப்பட்டதில்லை. உண்மையில் அந்தப் புதுமைக்கு அப்போதே ஏறக்குறைய ஐந்நூறு வயது. ஜெர்மனியின் ட்யூரர் இரும்புத் தகட்டை அரித்து அச்செடுத்த படங்கள் 1515க்கும் 1518க்கும் இடைப்பட்டவை. இப்போது நான் பயிலரங்கு நடத்தப் போகும் இடங்களில், டேப்லெட்டில் வரைந்தே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது புது டெக்னிக்தான்.

தகடு வாங்க அன்று பிளாக் மேக்கர் கடைக்குப் போவோம். பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் படக்கட்டை செய்து கொடுத்தவர்கள். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை எடைபோட்டுத் தருவார்கள். ஆஃப்செட் வந்ததும் அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. லித்தோவின் கதையும் இதுதான். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது இந்தக் கல்லச்சில்தான். நாங்கள் படிக்க வந்தபோது அது வகுப்பறைப் பாடமாகியிருந்தது. வியாபாரம் கைவிட்டதைக் கலை எடுத்து வைத்துக்கொள்கிறது. இதை ஒரு பெரிய பாக்கியமாகவே நினைக்கிறேன். அவசரம் போன பிறகுதான் ஒரு முறையின் முழு அழகையும் ஆராய முடிகிறது.

அன்றைய ஆசிட், நைட்ரிக். தட்டில் தகட்டை இறக்கிய சற்று நேரத்தில், கீறிய கோடு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள் கோத்துக்கொள்ளும். அவற்றை அப்படியே விட்டால் கோடு ஒரே சீராக அரிக்காது. ஒரு பறவை இறகை எடுத்து மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். புகை நெஞ்சைக் கமறும். ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபடி தகட்டைக் கடைக்கண்ணால் பார்ப்போம். இன்று துத்தநாகத்துக்கு நான் நைட்ரிக் பயன்படுத்துவதில்லை. மயில்துத்தமும் உப்பும் கலந்த நீர் போதும். நீலத் தண்ணீருக்குள் கோடுகள் செம்பழுப்பாகிக்கொண்டு வரும். கரைகிற துத்தநாகத்தின் இடத்தில் செம்பு தூளாகப் படிவதால் வரும் நிறம் அது. தூளைப் பிரஷ்ஷால் நீக்கிவிட வேண்டும். போகப் போக நீலம் வெளுக்கும். வெளுத்த நீரைப் பார்த்தே அதன் பலம் குறைந்துவிட்டதைச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் தட்டைச் சுற்றிக் குனிந்து, கோடு பிறப்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்கிறார்கள். எங்களுக்கு வாய்க்காத காட்சி.

மை துடைப்பது மட்டும் மாறவில்லை. தகடு முழுக்க மை பூசி, மஸ்லின் துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையில் சாக்பவுடர் தொட்டுத் துடைக்க வேண்டும். எங்கள் ஆசிரியர் அந்தக் கடைசித் துடைப்பை யாருக்கும் வாயால் விளக்கியதில்லை. "கைய குடுப்பா" என்று எங்கள் கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைத்து, அழுத்தத்தைக் காட்டுவார். பள்ளத்து மை வெளியே வந்துவிடக் கூடாது, மேட்டு மை தங்கிவிடவும் கூடாது. நானும் இப்போது கையைப் பிடித்துத்தான் காட்டுகிறேன். வேறு வழியில் அது வருவதில்லை.

சென்ற பயிலரங்கில் ஒரு மாணவி, "சார், இந்தக் கோட்டை எப்படி அழிக்கிறது?" என்று கேட்டாள். ஸ்கிரேப்பரையும் பர்னிஷரையும் கொடுத்தேன். சுரண்டி, எண்ணெய் விட்டுத் தேய்த்து, மறுபடி அச்செடுத்தபோது, பழைய கோடு சாம்பல் நிழலாகத் தெரிந்தது. ரெம்பிராண்ட் 1653இல் செய்த 'மூன்று சிலுவைகள்' தகட்டை அவளுக்குச் சொன்னேன். பிற்பாடு அதையே அவர் சுரண்டித் தேய்த்து, பல உருவங்களை நீக்கி, மேலே இருளைக் கோடுகோடாக இறக்கினார். நான்காம் நிலை அச்சில், நீக்கிய உருவங்களின் தடம் இன்னும் இருக்கிறது. அவள் தன் அச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நிழல் இருக்கட்டும் சார்" என்றாள். வயதுக்கு மீறிய முடிவு. அருமையான முடிவு.

நாங்கள் ஏங்கியும் முறையாகக் கற்காமல் போனது விஸ்காசிட்டி முறை. கிருஷ்ணா ரெட்டி சித்தூர்ப் பக்கத்து நந்தனூரில் 1925இல் பிறந்தவர், 1947 முதல் 1949 வரை கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவைக் கவனித்தவர். பின்னர் பாரிஸின் ஹேட்டர் பட்டறையான அட்லியே 17இல் இந்த முறையைத் தோழர்களோடு சேர்ந்து வளர்த்தார். எண்ணெய் மிகுந்த மையைக் கெட்டி ரோலரால் மேட்டில் உருட்ட வேண்டும். கெட்டி மையை மெத்தென்ற ரோலரால் உருட்டினால், அது பள்ளம்வரை இறங்கும். எண்ணெய் மை இருக்கும் இடத்தில் ஒட்டாது. ஒரே தகடு, ஒரே அழுத்தம், பல வண்ணம். நம் பக்கத்து மனிதர் உலகுக்குக் கொடுத்ததை நாங்கள் அச்சுப் புத்தகத்தின் மங்கிய படங்களில்தான் பார்த்தோம்.

இன்றைய மாணவர்களுக்கு ஆர்வத்தில் குறைவில்லை. பிரஸ்ஸுக்கு முன் நிற்கும் நேரம்தான் குறைவு. ஒரு செமஸ்டரில் சில மணி நேரம் ஒதுக்கினால், கை பழகும்போது பாடம் முடிந்துவிடுகிறது. அதனால் என் பயிலரங்கில் அட்டவணை போடுவதில்லை. சாவி மாணவர்களிடமே இருக்கும். அடுத்த முறை இரண்டு ரோலர்களையும் கொண்டுபோகப் போகிறேன். நிழலை வைத்துக்கொண்ட அந்தப் பெண் இப்போதே ஆழமான பள்ளங்கள் வெட்டித் தகட்டைத் தயார் செய்கிறாள்.