மூக்கு மேல் விரல்

செல்ஃபியில் மட்டும் என் மூக்கு குடைமிளகாய் மாதிரி விழுகிறதே, போன் கோளாறா?
*– கும்பகோணம் வாசகி*

கோளாறு கை நீளத்தில்! ஒரு அடி தூரத்தில் எடுத்தால், ஐந்தடியில் தெரிவதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள். போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அதற்கு முன் லென்ஸில் அப்பியிருக்கும் வடை எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

நல்ல படம் ஒன்றுக்கு எத்தனை போஸ் கொடுக்கலாம்?
*– மதுரை வாசகர்*

1839-ல் பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் தன்னைத்தானே படம் எடுத்தபோது ஒரே போஸ்தான், அதுவும் நிமிடக்கணக்கில் அசையாமல். தலைகூட வாரவில்லை மனிதர்! அந்தப் படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. போன மாதம் எடுத்த உங்கள் நூற்றெட்டு போஸ் எங்கே சார்?