மூன்று மணிக்கு ஆய்வகம், மூன்றரைக்குப் பயிற்சி

அமெரிக்காவில் கால்பந்து ஆடும் பெண்ணுக்குக் கல்லூரி தேடுவோர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது பிரிவுகளை. கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ தன் உறுப்பினர்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் பிரிவில் ஏறத்தாழ 350 பெண்கள் அணிகள். விளையாட்டுக்கென்றே உதவித்தொகை கொடுக்கலாம். இரண்டாம் பிரிவிலும் கொடுக்கலாம், குறைவாக. மூன்றாம் பிரிவில் பந்துக்காக ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. மூன்றாம் பிரிவு என்றதும் மூன்றாந்தரம் என்று முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. எம்ஐடி, சிகாகோ பல்கலைக்கழகம், வில்லியம்ஸ் கல்லூரி எல்லாம் அந்த மூன்றாந்தரத்தில்தான் இருக்கின்றன. வில்லியம்ஸ் 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அப்பிரிவின் பட்டத்தையும் வென்றது. அங்கே கோல் போடுவதைவிட இடம் கிடைப்பதுதான் கடினம். ஹார்வர்டும் யேலும் அடங்கிய ஐவி லீக் முதல் பிரிவில் ஆடினாலும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. பெண் எத்தனை கோல் போட்டாள் என்பதல்ல, அப்பாவுக்கு எவ்வளவு சம்பளம் என்பதே கேள்வி.

‘முழு உதவித்தொகை’ என்பது பிறந்தநாள் விருந்துகளில் பிற பெற்றோர் வாயிலாக அதிகம் கேட்கக் கிடைப்பது. நடைமுறையில் அரிது. 2025 வரை முதல் பிரிவு அணி ஒன்றுக்கு 14 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகையே உச்சவரம்பு. இருபத்தைந்து, முப்பது பேருக்கு அதைப் பயிற்சியாளர் பங்கு போட்டார்: ஒருத்திக்குப் பாதி, ஒருத்திக்குக் கால், ஒருத்திக்குப் புத்தகச் செலவு. 2025இல் ஒரு வழக்கில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 28 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்தது. 28 பேருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம்தான். கொடுக்கலாம் என்பதற்கும் கொடுப்பார்கள் என்பதற்கும் நடுவில் நிதி அலுவலகம் உட்கார்ந்திருக்கிறது. பல வீடுகளில் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பணம் பந்துக்குக் கிடைப்பதைவிட அதிகம். அதை விருந்தில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை முதல் பிரிவுப் பயிற்சியாளர் மாணவிக்கு அழைப்புக் கடிதம் எழுதக் கூடாது என்பது விதி. கல்லூரிகள் நடத்தும் பயிற்சி முகாம்களின் விளம்பரத்துக்கு அந்த விதி இல்லை. ஆகவே எட்டாம் வகுப்பிலேயே பெயர் சொல்லி விளித்து, உருக்கமாக ஒரு மின்னஞ்சல் வரும். அதே உருக்கம் ஊரில் பாதிப் பெண்களுக்குப் போயிருக்கும். முகாம் என்பது ஒருவகைப் பெண் பார்க்கும் படலம். செலவு முழுக்கப் பெண் வீட்டாருடையது. அதனால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பயிற்சியாளர் தோற்றபின் எப்படிப் பேசுகிறார், மாற்று ஆட்டக்காரிகளின் பெயர் அவருக்கு நினைவிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

எந்தக் கல்லூரியும் தன்னிடம் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் சமநிலை இல்லை என்று சொன்னதில்லை. ஆகவே பேச்சை விட்டுவிட்டுக் கால அட்டவணையைப் பார்ப்பதே நல்லது. பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியும் போட்டியும் கூடாது என்கிறது முதல் பிரிவு விதி. கேட்க இனிமையாக இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு போட்டி நாள், எவ்வளவு நீண்டாலும், 3 மணி நேரம்தான். பயணம் சேராது. காலுக்குச் சிகிச்சை சேராது. விருப்பப் பயிற்சியும் சேராது. விருப்பமில்லாதவர்கள் போட்டியன்று பெஞ்சின் வசதியைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் கல்வியாண்டும் பந்தாட்டப் பருவமும் ஒரே வண்டியில் ஏறுகின்றன. போட்டிகள் பெரும்பாலும் வியாழனும் ஞாயிறும். வெளியூர் என்றால் புதன் மதியமே வகுப்பு முடிந்தது. வேதியியல் ஆய்வகம் பிற்பகலில்; பயிற்சியும் பிற்பகலில். பயிற்சியாளரும் பேராசிரியரும் தனித்தனியே நல்லவர்கள். ஒரே நேரத்தில்தான் தொல்லை.

இந்த இழுபறியில் படிப்பு தோற்கிறதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பல அணிகள் வெளியிடும் ஆட்டக்காரிகள் பட்டியலில் ஒவ்வொருத்தியின் படிப்பும் இருக்கும். பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். முதலாண்டில் பொறியியல் படித்தவர்கள் மூன்றாமாண்டில் கூட்டமாக விளையாட்டு மேலாண்மையில் ஞானம் அடைந்திருந்தால், மூன்றரை மணிப் பயிற்சி என்ன செய்தது என்று புரியும். பொறியியலும் செவிலியர் படிப்பும் நான்காமாண்டிலும் அப்படியே நிற்கும் அணியை நம்பலாம்.

தூரத்தையும் பார்க்க வேண்டும். பசிபிக் கரையோரம் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட், 2024 முதல் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பணத்துக்குப் பூகோளம் ஒரு பொருட்டல்ல. அதே கூட்டமைப்பின் எதிரணி ஒன்று இருக்கும் பாஸ்டன், அங்கிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல். மூன்றாம் பிரிவிலும் பாஸ்டன் அருகிலுள்ள பிராண்டைஸ், அட்லாண்டாவின் எமரி, சிகாகோ எல்லாம் ஒரே கூட்டமைப்பு. அங்கேயும் விமானத்தில்தான் வீட்டுப்பாடம்.

ஸ்டான்ஃபோர்டில் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துச் சமாளித்தவர்கள் உண்டு என்பதற்கு நயோமி கிர்மாவைக் காட்டுவார்கள். கணினி, மொழியியல், தத்துவம், உளவியல் கலந்த பட்டம் பெற்று, 2025 ஜனவரியில் செல்சீ அணிக்குச் சென்று, பத்து லட்சம் டாலரைத் தாண்டிய தொகைக்கு அணி மாறிய முதல் வீராங்கனை ஆனவர் அவர். ஆனால் கிர்மா ஒருவர்தான். பெரும்பாலோருக்கு ஆட்டம் பட்டமளிப்போடு முடிகிறது, சிலருக்கு முழங்காலோடு அதற்கு முன்பே. கால் உடைந்து இனி ஆடவே முடியாது என்றாலும் அந்த வளாகத்தில் இருக்கப் பிடிக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்வது அங்கே பழைய அறிவுரை. கேட்கப் பதினேழு வயதுக்குத் தைரியம் உண்டு. உடன் வந்த அப்பாவுக்குத்தான் முகம் வெளிறும்.

பயிற்சியாளருக்காக மட்டும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது, ஆட்டத்துக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதைவிட ஆபத்து. அவர் வேறு வேலைக்குப் போக நான்கு ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் பெண்கள் அணியை நடத்தி, 21 என்சிஏஏ பட்டங்களை வென்ற ஆன்சன் டோரன்ஸ், 2024 ஆகஸ்டில் பருவம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது ஓய்வு பெற்றார். அவரை நம்பிச் சேர்ந்த முதலாண்டு மாணவிகள் பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் டேமன் நஹாஸ் இடைக்காலப் பயிற்சியாளர் ஆகியிருந்தார். டிசம்பரில் அந்த அணி வேக் ஃபாரஸ்டை 1-0 என வென்று பட்டம் பெற்றது. பருவத் தேர்வுகள் வழக்கம்போல் நடந்தன.