செத்தவன் பேச்சுக்குப் பஞ்சாயத்து

வாடா தம்பி, உக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. ராத்திரி பூரா தூங்கலபோல. வயலுக்குத் தண்ணி கட்டுனியா? இல்லியாம். பொணத்தச் சுட்டியாம். சுட்டு முடிச்ச பொறவு கூட்டாளிங்களோட சண்டையாம். என்னடா சண்டைன்னா, அந்தப் பொணம் பேசுன பேச்சு அந்த ஊருப் பேச்சு இல்லியாம்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. வீட்டுக்கு வீடு பேரப்புள்ளைங்க இதத்தான் ஆடுதுங்க. பக்கத்துக் கட்டில்ல கெடக்குறவன் காதுல விழாமலா போவும்? ரெசிடென்ட் ஈவில்ங்கிற வீடியோ கேம். சப்பான்ல கேப்காம்னு ஒரு கம்பேனி 1996ல ஆரம்பிச்சு வச்சது. ஒரு மருந்துக் கம்பேனிக்காரன் கிருமி வளக்குறான். கிருமி தப்பிச்சிருது. செத்தவன் எந்திரிச்சு நடந்து, இருக்குறவனக் கடிக்கிறான். இதான் கதை. இதுல நீ கேக்கவேண்டிய மொதக் கேள்வி என்ன? செத்தவன் எப்படிடா நடக்குறான்? கேட்டியா நீ? அத வுட்டுட்டு, நடக்குற பொணத்தோட உச்சரிப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிற.

"பொணமில்ல தாத்தா, நாலாவது ஆட்டத்துல வர்றது உசுருள்ள ஆளு, உள்ள ஒட்டுண்ணி பூந்துருக்கு"ம்ப. சரிடாப்பா, ஒட்டுண்ணிதான். கோடாலியோட ஒருத்தன் தொரத்துறப்ப, அண்ணே நீங்க பொணமா பூச்சியான்னு நின்னு கேட்டுட்டா ஓடுவான்?

மொதப் பஞ்சாயத்து லியோன்ங்கிற பயலப் பத்தி. 1998ல வந்த ரெண்டாவது ஆட்டத்துல அவன் புதுசாப் போலீசுல சேந்தவன். வேலைக்குப் போற மொத நாளே ராக்கூன் சிட்டிங்கிற ஊரு பொணக்காடாக் கெடக்கு. பய வெலவெலத்துப் போறான். 2005ல நாலாவது ஆட்டம் வந்துச்சு. கதையில ஆறு வருசம் ஓடிப்போச்சு. இப்ப அவன் அமெரிக்க சர்க்காரு ஆளு. சனாதிபதி மவளக் காணும்னு தேடிக்கிட்டு ஸ்பெயின் நாட்டுக் கிராமத்துக்குப் போறான். சன்னல ஒடச்சிக்கிட்டுக் குதிக்கிறான். சுத்திச் சுத்தி ஒதைக்கிறான். சாவு எதுக்க நிக்கிறப்பயும் நக்கலடிக்கிறான். ஒடனே ஒங்கள்ல பாதிப் பேரு, "இது எங்க லியோனே இல்ல"ன்னீங்க. 2023ல அதே ஆட்டத்தத் திருப்பிச் செஞ்சாங்க. பயல கொஞ்சம் அழுத்தக்காரனா ஆக்கிட்டாங்க. ஒடனே மிச்சப் பாதிப் பேரு, "நக்கலு கொறஞ்சுபோச்சே, இது எங்க லியோனே இல்ல"ங்கிறீங்க. அப்ப லியோன்னு ஒருத்தன் எப்பதான்டா இருந்தான்?

ஒரு ஊரே செத்து எந்திரிச்சதக் கண்ணால பாத்தவன் மாறாம இருப்பானா? ஒன் மாமன் மவன் சிங்கப்பூருக்குப் போயிட்டு வந்தானே, மறந்துட்டியா? கருப்புக் கண்ணாடி. கழுத்துல சங்கிலி. என்னப் பாத்து "ஹாய் தாத்தா"ங்கிறான். கேரக்டரு கெட்டுப்போச்சுன்னு யாராச்சும் பஞ்சாயத்துக் கூட்டுனமா? சோத்தப் போட்டோம். மூணாம் நாளு காலையில பழைய சோத்துக்குச் சின்ன வெங்காயத்தத் தேடிக்கிட்டு அடுப்படியில நின்னான். உள்ள இருந்தது அந்தப் பயலேதான். ஆளு மாறுனானான்னு பாக்காதடா. மாறுனதுக்குக் காரணம் இருக்கான்னு பாரு. அம்புட்டுத்தான் கணக்கு.

மாறவே கூடாதுன்னு ஒனக்கு அம்புட்டு ஆசைன்னா காவேரிகிட்டப் போய்ச் சொல்லு. மேட்டூரு அணைய ஜூன் 12ல தொறக்குறதுதான் வழக்கம். 2022ல மே 24லேயே தொறந்துட்டாங்க. 2024ல ஜூலை 28 ஆயிருச்சு. ஆத்தாளுக்கு கேரக்டரு சரியில்லன்னு நாங்க வெதைநெல்ல வித்துட்டு ஊரக் காலிபண்ணிட்டமா? குறுவை போனா சம்பா.

ரெண்டாவது பஞ்சாயத்து பேச்சு. அந்த ஸ்பெயின் கிராமத்து ஆளுங்க மெக்சிகோக்காரன் மாதிரி ஸ்பானிஷ் பேசுறாங்களாம். கேள்வி நல்ல கேள்விதான். ஆனா அதே கிராமத்துல முக்காடு போட்டுக்கிட்டு ஒரு யாவாரி வர்றானே, அவனக் கேட்டியா? சந்துக்குச் சந்து நின்னு துப்பாக்கி விக்கிறான். பேசுறது இங்கிலீசு. வாங்குற காசு பெசேட்டா. கதை நடக்குறது 2004ல. ஸ்பெயின்ல 2002லேயே யூரோ வந்து பெசேட்டா செல்லாக்காசாப் போயிருச்சு. செல்லாத காச வாங்கிக்கிட்டு, ஊருல எவனும் பேசாத பேச்சப் பேசி, ஊரே பேயா அலையிறப்ப கட போடுறான். அவன் மேல ஒங்களுக்கு அம்புட்டுப் பிரியம். புடிச்சவன் பெசகுனா அழகு, புடிக்காதவன் பெசகுனா குத்தமா? தராசு ஒன்னு வச்சிருக்கியா, ரெண்டு வச்சிருக்கியா?

மொத ஆட்டத்தையே எடுத்துக்க. செஞ்சவன் சப்பான்காரன். சப்பான்ல வித்தப்பவும் அதுல பேசுறது பூரா இங்கிலீசுதான், கீழ சப்பான் எழுத்து ஓடும். கதை அமெரிக்காவுல நடக்குதில்ல? அந்த இங்கிலீசு வசனத்தக் கேட்டு இங்கிலீசுக்காரனே இன்னிவரைக்கும் சிரிக்கிறான். சிரிச்சுக்கிட்டே வாங்குனான். வாங்குனதாலதானே நீ நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் வந்து சண்ட போடுற?

சரி, சப்பான் கெடக்கட்டும். நம்மூருக்கு வா. 2016ல 'மிருதன்'னு ஒரு படம் வந்துச்சு. ஊட்டியில பொணம் எந்திரிக்கும். ஜெயம் ரவி டிராபிக் போலீசா வந்து சுடுவாரு. சரியா ஆறு வருசம். 2022ல அதே ஜெயம் ரவி 'பொன்னியின் செல்வன்' படத்துல அருள்மொழிவர்மனா ஆனைமேல வந்தாரு. லியோன் ஆறு வருசத்துல சர்க்காரு ஆளானதுக்கு அங்கலாய்ச்சியே, டிராபிக் போலீசு ஆறு வருசத்துல சோழ ராசாவானதுக்கு விசிலடிச்சது யாரு?

அந்தப் 'பொன்னியின் செல்வ'னுக்கு நடந்த பஞ்சாயத்த நெனச்சா இன்னும் சிரிப்பு அடங்கல. எழுதுன கல்கி யாரு? மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரரு, நம்ம காவேரித் தண்ணி குடிச்சவரு. 1950லேருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதுனாரு. அஞ்சு பாகம். மணிரத்னம் அத 2022லயும் 2023லயும் ரெண்டு படமா ஆக்குனாரு. ஒடனே ஊருக்கு ஊரு வழக்கு. நாவல்ல இருந்த மணிமேகலையக் காணுமே! நாவல்ல சேந்தன் அமுதன்தானே உத்தம சோழன், படத்துல அவன் பூக்கட்டுறதோட நின்னுட்டானே! செந்தமிழாப் பேசுனா நாடகம்ங்கிறான். எறக்கிப் பேசுனா சோழன் இப்படியா பேசுவான்ங்கிறான். "எங்க வந்தியத்தேவன் இந்த வார்த்தையச் சொல்லமாட்டான்"னு ஒருத்தன் சட்டயக் கிழிச்சிக்காத கொறை.

ஒங்க வந்தியத்தேவன் என்னடா சொன்னான்? தஞ்சாவூருப் பெரிய கோயிலுக்குப் போயிருப்ப. நெழலு தேடி நிக்கிறப்ப அந்தச் செவுத்தப் பாத்தியா? ராசராசன் கணக்குல கெட்டிக்காரன். 400 தளிச்சேரிப் பெண்டுகளக் கொண்டாந்து குடி வச்சான். எந்தத் தெரு, எந்தச் சாரி, எத்தனாவது வீடுன்னு கல்லுலயே வெட்டி வச்சான். அக்கா குந்தவை கோயிலுக்குக் கொடுத்ததும் அங்க இருக்கு. அவங்க வல்லவரையர் வந்தியத்தேவர் தேவியாருங்கிறதும் இருக்கு. வீட்டு வரிச வரைக்கும் எழுதுன மவராசன், மச்சான் என்ன பேசுனான், எப்படிச் சிரிச்சான்னு ஒரு வரி வெட்டல. பொண்டாட்டி பேருக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற ஆள வச்சு அஞ்சு பாகம் ஓட்டுனாரு பாரு, அது கல்கியோட சாமர்த்தியம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்லுல ராசராசனோட அண்ணன் ஆதித்த கரிகாலனக் கொன்ன துரோகிங்க பேரு இருக்கு. ரவிதாசன் இருக்கான். சோமன் இருக்கான். பரமேசுவரன் இருக்கான். நாவல்ல வர்ற நந்தினி? தேடிக்கிட்டே இரு. கல்லுல இருக்குறவனுங்க பேரு ஒனக்கு வாயில நொழையாது. கல்லுல இல்லாதவளுக்கு "எங்க நந்தினி இப்படிப் பண்ணமாட்டா"ன்னு சாட்சி சொல்லுவ. விடிய விடிய ராமாயணம் கேட்டுட்டு சீதைக்கு ராமன் சித்தப்பன்னானாம். நீ சீதைக்கு ஆதார் கார்டே எடுத்துக் கொடுக்குற ஆளு.

சோழன் காலத்துப் பேச்சுதான் வேணுமா? அந்தச் செவுத்துல ரெண்டு வரி படிச்சுக் காட்டு, நாளைக்கே படம் எடுக்கச் சொல்லுவோம். தேட்டர்ல நீ மட்டும் ஒக்காந்து பாரு.

இப்ப ஒரு நல்ல சேதி சொல்றேன், காதுல வாங்கிக்க. பாபநாசம் பக்கத்துல மெலட்டூரு. நரசிம்ம ஜெயந்தி அன்னிக்கு வரதராசப் பெருமாள் கோயில் முன்னால 'பிரகலாத சரித்திரம்' நடக்கும். எழுதுனவரு மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி. பூரா தெலுங்கு. இரணியன் தெலுங்குல அதட்டுவான். பொம்பள வேசத்தையும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. இரணியன் பொண்டாட்டி லீலாவதி வந்து அழுதா, முன்வரிசைக் கெழவி முந்தானையால கண்ணத் தொடப்பா. அவளுக்குத் தெலுங்குல ஒரு எழுத்து தெரியாது. விடியிற நேரத்துக்கு நரசிம்மம் வரும். அந்த முகத்துக்குப் பூசை உண்டு. அதக் கட்டுறவரு வெரதம் இருந்து கட்டுவாரு. முகத்த வச்சதும் ஆவேசம் வந்துரும்னு நாலு பேரு இடுப்ப இறுக்கிப் புடிச்சிக்குவாங்க. இல்லன்னா இரணியன் வேசக்காரரு வீடு போயிச் சேரமாட்டாருன்னு பயம். அதுக்குப் பேரு கேரக்டர்டா தம்பி.

தமிழ்நாட்டு நடுவுல அசுரன் ஏன்டா தெலுங்கு பேசுறான்னு எவனாச்சும் கேட்டானா? ஏன் கேக்கல? நாயக்கரு காலத்துல தஞ்சாவூரு அரமனையில தெலுங்குதான் பாட்டுக்கும் கூத்துக்கும் பேச்சு. அச்சுதப்ப நாயக்கரு வீடும் நெலமும் கொடுத்துக் குடிவச்ச ஊரும்பாங்க மெலட்டூர. ஆடுறவங்க, தலைமொற தலைமொறயா அந்தப் பாட்டச் சொமந்து வந்தவங்க. கடன் வாங்குன பேச்சு இல்ல, அவங்களுக்கு வழிவழியா வந்த பேச்சு. அதனால அது பொருந்துது.

இப்ப ஒன் அஞ்சாவது ஆட்டத்துக்கு வா. 2009ல வந்தது. ஆப்பிரிக்காவுல மேக்கால கிஜூஜூன்னு இல்லாத ஊரு ஒன்ன உண்டாக்குனாங்க. அந்த ஊரு சனம் எல்லாம் சுவாகிலி பேசுது. சுவாகிலி எங்கடா பேசுறது? கெழக்கால, கென்யா, தான்சானியா பக்கம். இடையில ஒரு கண்டமே படுத்துக் கெடக்கு. ஆப்பிரிக்காதானே, எதப் பேசுனா என்னன்னு நெனச்சிருக்கான் பாரு. இதுக்குக் கோவப்படு. நான் தடுக்கமாட்டேன். ஏன்னா இங்க ஒரு சனத்தோட வாயப் புடுங்கி இன்னொரு சனத்துக்கு ஒட்டவச்சிருக்கான். லியோன் நக்கலடிச்சா யாருக்கு நட்டம்? ஒருத்தனுக்கும் இல்ல. மேக்கால உள்ளவனுக்கு ஊரும் இருக்கு, பேச்சும் இருக்கு, அவனுக்கு இது நட்டம். வழக்குப் போடுறதுக்கு முன்னால வாதி யாருன்னு பாக்கணும்டா. எழுதுனவன் போட்ட கட்டுத்திட்டத்த எழுதுனவனே மீறுனா, நீ வாதி. அடுத்தவன் பேச்சக் கொதறுனா, அந்த அடுத்தவன் வாதி. ரெண்டும் இல்லாம நீ பத்து வயசுல பாத்த மாதிரியே இல்லியேன்னு அழுவுறியா? அது வழக்கு இல்ல, வயசு.

அப்புறம் இன்னொன்னு. நீ வாதியா நிக்கவேண்டிய எடம் ஒன்னு இருக்கு. அங்க ஒன்னயக் காணும். நம்ம சினிமாவுல கிராமம்னு காட்டுனா மருதப் பேச்சு வரும். கோயமுத்தூரு வரும். திருநவேலி வரும். நெல்லு வெளயிற காட்சி மட்டும் நம்மூருல எடுப்பான். களத்துல நின்னு பேசுறவன் மருதக்காரனா இருப்பான். திருவையாத்துக்காரன் பேசுற மாதிரி, மன்னார்குடிக்காரன் இழுக்குற மாதிரி எத்தன படத்துல கேட்ட? தி. ஜானகிராமன் எழுத்துல காவேரிக்கரை ஆளுங்க வாயத் தொறந்து பேசுறாங்க. படிச்சியா? படிக்கலன்னு மொகமே சொல்லுது.

ஸ்பெயின்காரன் பேச்சுல மெக்சிகோ வாட அடிச்சா ஒனக்குத் தூக்கம் போயிருது. அப்பாயி ஒன் கூட்டாளிங்க முன்னால நாலு வார்த்த பேசுனா, "சும்மா இரு அப்பாயி"ன்னு அவ வாய அடைக்கிற. போன வாரம் கூட அடைச்ச. நான் திண்ணையிலதான் இருந்தேன்.

ஆடுறா, வேண்டாங்கல. சண்டையும் போடு, வயசுக்கு அது வேணும். இப்ப எந்திரி, அந்தா அப்பாயி கூப்புடுறா. போயி, அவ வட்டார வழக்குல பெசகு ஏதும் இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு. பெசகு இருந்தா கேப்காமுக்கு எழுதிப் போடுவோம்.